தூரம் முதலில், பக்கம் பிறகு

வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் கையில் குடையோடு வேலைக்கு வருகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? குடையக்கா என்று பெயர் வைத்தேன், அது ஒட்டிக்கொண்டது. வருகைப் பதிவேட்டில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. மேனேஜரே அதை மறந்துபோய், "அந்தக் குடைய வரச் சொல்லுங்க" என்பார். எனக்கு வாய் நீளம். அதற்காகப் பல இடங்களில் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். குடையக்கா மட்டும் என் கேலிக்குச் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பாள்.

அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில், இரண்டே அறை கொண்ட வீடு. கிளம்பும்போது காஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பாள். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பாதிப்படி இறங்கி, மறுபடி ஏறிப்போய் இழுத்துப் பார்ப்பாள். ஒருநாள் அவளோடு சேர்ந்து கிளம்பி நானும் பேருந்தைக் கோட்டைவிட்டேன்.

"பூட்டு என்னக்கா, கால் முளைச்சு ஓடிடவா போகுது?" என்று கத்தினேன்.

"ஒரே ஒரு தடவ ஓடிடுச்சுன்னா?" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மழைப் பயம் மட்டும் வேலையோடு வந்தது. எங்கள் கட்டடத்தின் பின்புறம் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு அகலமாக நான்கு வெள்ளைத் தட்டுகள் வானத்தைப் பார்த்து நிற்கும். அவை செயற்கைக்கோளோடு பேசுகின்றன. கேபிள் போக முடியாத இடங்களுக்குப் போனும் படமும் கடிதமும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். உள்ளே பல்லைக் கிட்டவைக்கும் குளிரில் ஓர் அறை. அங்கே இரும்புச் சட்டங்களில் மோடம்கள் வரிசையாக முணுமுணுத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ தொலைவில் ஒரு ஜோடி மோடம் உண்டு. இந்த ஜோடிகளைக் கட்டி மேய்ப்பது குடையக்காவின் வேலை. ஜோடி பிரிந்தால் திட்டு வாங்குவது என் வேலை. நான் அதே அறையின் வாசலோரம் புகார் மேஜையில் உட்கார்ந்திருப்பேன். தொலைவிலிருந்து வருகிற அழைப்புகளை இணைத்துக் கொடுப்பதும் நான்தான்.

மழை வந்தால் என்ன ஆகும் என்று அவளிடம் கேட்டதற்கு, பேருந்து நிலையத்தை வைத்தே சொன்னாள். அமைதியான இடத்தில் நின்று போன் பேசினால் கடகடவென்று பேசலாம். பக்கத்தில் பேருந்து ஹாரன் அடித்தால் என்ன செய்வோம்? மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, சொன்னதையே இரண்டு தடவை சொல்வோம். மோடமும் அப்படித்தான். "எப்படிக் கேக்குது?" என்று இரண்டு முனைகளும் ஓயாமல் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும். வானம் தெளிவாக இருந்தால் நெருக்கி அடுக்கி வேகமாக அனுப்பும். மழை குறுக்கே வந்து சத்தத்தை விழுங்க ஆரம்பித்தால் படிப்படியாக வேகத்தைக் குறைக்கும். இருபதுக்கு மேல் படிகள் உண்டு. கடைசிப் படியில் ஆமை வேகம்தான், ஆனாலும் பேச்சு நிற்காது. புத்தகத்தில் இதற்கு ஏ.சி.எம். என்று பெயர் போட்டிருக்கிறது. எங்கள் அறையில் ஆட்டோ என்போம். ஆட்டோவை நிறுத்திவிட்டு ஒரே வேகத்தில் கட்டிப்போட்டால் அது ஃபிக்ஸ். ஃபிக்ஸில் இருக்கிற லிங்க், அதாவது ஒரு மோடம் ஜோடியின் தொடர்பு, மழைக்கு இறங்கிக் கொடுக்காது. தாங்கும்வரை தாங்கி, பிறகு ஒரேயடியாகச் செத்துப்போகும்.

ஆட்டோவிலிருந்து ஃபிக்ஸுக்கோ, ஃபிக்ஸிலிருந்து ஆட்டோவுக்கோ மாற்ற ஓர் ஒழுங்கு உண்டு. தூரத்து மோடத்துக்குக் கட்டளை அனுப்பி முதலில் அதை மாற்றவேண்டும், பிறகுதான் பக்கத்தில் இருப்பதை. பக்கத்தில் இருப்பதை முதலில் மாற்றிவிட்டால், தூரத்துக்குக் கட்டளை போக வழியே இருக்காது. யாராவது அங்கே நேரில் போய்ப் பொத்தானை அமுக்கினால்தான் உண்டு. குடையக்கா வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் அந்தத் தப்பைச் செய்தாள். ஒரு சுரங்க முகாம் பத்தொன்பது மணி நேரம் உலகத்தோடு தொடர்பில்லாமல் கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பத்தொன்பது மணி நேரமும் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்று சொல்வார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டாள். 'தூரம் முதலில், பக்கம் பிறகு' என்று அட்டையில் எழுதித் தன் திரைக்கு மேல் ஒட்டினாள். எந்த மோடத்தையாவது ஃபிக்ஸில் போட்டால் அதன் முகத்தில் விரல் நீளத்துக்கு மஞ்சள் ஒட்டு நாடாவை ஒட்டிவிடுவாள். ஆட்டோவுக்குத் திருப்பிய பிறகுதான் நாடாவை உரிப்பாள். வேலை முடிந்து கிளம்புமுன் வரிசை முழுக்க மஞ்சளைத் தேடி மூன்று தடவை நடப்பாள்.

அவள் வீட்டுக்காரரையும் சொல்லிவிடவேண்டும். தொலைவில் ஒரு தீவு. அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதில் ஒரு நர்ஸ், மருந்து, சில கட்டில்கள், அதற்கு மின்சாரம் கொடுக்கிற ஜெனரேட்டர் கொட்டகை. அந்த ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிறவர்தான் அவர். ஆறு வாரம் தீவு, இரண்டு வாரம் வீடு. தீவின் மோடமும் அதே கொட்டகையில்தான் இருந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு லிங்க் சோதனை என்ற சாக்கில் இரண்டு பேரும் பேசுவார்கள்.

"எப்படிக் கேக்குது?" என்பாள் இவள்.

"நல்லா கேக்குது" என்பார் அவர்.

அவ்வளவுதான், அதற்குள் இவள் முகம் மலர்ந்துவிடும். பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தியவர்கள் பேசுகிற பேச்சா இது என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவர்களுக்குள் இன்னொரு ஒப்பந்தமும் இருந்தது. என்றைக்காவது லிங்க் போய்ப் பத்து நிமிஷம் ஆகிவிட்டால், அவர் அங்கே மோடத்தைக் கையால் கடைசிப் படியில் போடவேண்டும், இவள் இங்கே அதையே போடுவாள். இருட்டில் இரண்டு பேரும் ஒரே மூலைக்கு வந்து சேர்ந்துவிடலாம் என்று கணக்கு. தீவு லிங்க்கைப் பற்றி மட்டும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் இருந்ததற்கு அதுதான் காரணம்.

அன்றைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து நாலு பேர் பார்வையிட வந்தார்கள். கூடத்துப் பெரிய திரையில் ஒவ்வொரு லிங்க்கின் வேகமும் ஓடும். ஆட்டோவில் இருந்தால் அந்த எண் ஏறும், இறங்கும். மேனேஜருக்கு அது கண்ணை உறுத்தியது.

"ஏன் ஆடுதுன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? முக்கியமான ஆறு லிங்க்கையும் டாப் ஸ்பீடுல ஃபிக்ஸ் பண்ணுங்க."

"சார், அது ஆடுறதுதான் சார் நல்லது" என்றாள் அக்கா. "மத்தியானத்துக்கு மேல மழைன்னு போட்டிருக்கான் சார்."

"பன்னண்டு மணிக்கு மாத்திக்கலாம்மா. ஒரு ரெண்டு மணி நேரம் நல்லா இருந்துட்டுப் போகட்டுமே."

அவளுக்கு எதிர்த்துப் பேசவும் பயம். ஆறு லிங்க்கையும் தூரம் முதலில், பக்கம் பிறகு என்று ஒழுங்காக மாற்றினாள். ஆறு மோடத்திலும் மஞ்சள் நாடாவை ஒட்டினாள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மேனேஜர் என்னிடம் ஒரு துணியைக் கொடுத்து மோடம் வரிசையைத் துடைக்கச் சொன்னார். நான் புகார் கேட்க வந்தவளா, தூசி தட்ட வந்தவளா என்ற கடுப்பில் பரபரவென்று துடைத்துக்கொண்டு போனேன். தீவு மோடத்தில் ஒட்டியிருந்த நாடாவின் ஒரு மூலை எழும்பி, ஈரத்துணி பட்டதும் சுருண்டு, பார்க்கவே அசிங்கமாகத் தொங்கியது. வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. வெடுக்கென்று அதை உரித்தேன். அப்புறம் அக்காவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் மறந்துபோனேன்.

வந்தவர்கள் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பவில்லை. ஒன்றரைக்குத்தான் போனார்கள். அக்கா உடனே ஓடிப்போய், மஞ்சள் இருந்த இடத்திலெல்லாம் ஆட்டோவுக்குத் திருப்பி, நாடாவை உரித்துக்கொண்டே வந்தாள். மூன்று தடவை பார்க்கிறவள்தான், அன்றைக்கும் மூன்று தடவை வரிசையில் நடந்தாள். மூன்று தடவையும் அவள் தேடியது மஞ்சளைத்தான். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

மூன்று மணி இருக்கும். தீவிலிருந்து அழைப்பு வந்தது. நர்ஸ்தான்.

"மேடம், சிட்டி ஆஸ்பத்திரி டாக்டர வீடியோல உடனே போடுங்க. நம்ம ஜெனரேட்டர்காரர் ஏணியிலேருந்து விழுந்துட்டார். விலா எலும்பு உடைஞ்சிருக்கு. மூச்சு வரமாட்டேங்குது, உதடெல்லாம் நீலமாயிடுச்சு. கடல் கொந்தளிக்குது, படகு வராதாம்."

கை தானாக டாக்டருக்கு இணைத்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். நர்ஸ் சொன்னது ஸ்பீக்கரில் அவளுக்கும் கேட்டிருந்தது. அவள் அழவில்லை, கத்தவில்லை. முகத்தில் ரத்தம் இறங்கிப்போய்ச் சுவர் மாதிரி வெளுத்திருந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே வெளிச்சம் மங்கியது. அவள் கண் ஜன்னலுக்குப் போனது. தட்டுகளுக்குப் பின்னால் கருமேகம் வந்து குவிந்திருந்தது.

"ஆட்டோல இருக்கு" என்றாள் தனக்குத்தானே. "மழ வந்தாலும் பேசும். ஆட்டோல இருக்கு." ஆனாலும் சரிபார்க்காமல் இருக்க அவளால் முடியாதே, ஓடிப்போய்த் தன் திரையைத் திறந்தாள். திறந்தவள் ஒரு சத்தம் எழுப்பினாள். அது மாதிரி ஒரு சத்தத்தை மனுஷத் தொண்டையிலிருந்து அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

"ஃபிக்ஸ்ல இருக்குடி! தீவு ஃபிக்ஸ்ல இருக்கு!"

எழுந்து மோடத்திடம் ஓடினாள். அதன் முகத்தைக் கையால் தடவினாள். "நாடா எங்க? ஒட்டினேனே. ஒட்டினேனா? ஆறு ஒட்டினேனா, அஞ்சா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. ஊருக்கெல்லாம் பதில் பேசுகிற வாய் அது. அவள் புருஷனைக் கொல்லப்போவது நான்தான் என்று தெரிந்தே பேசாமல் நின்றேன்.

ஸ்பீக்கரில் டாக்டரின் குரல் வந்தது. "நெஞ்சுக்குள்ள காத்து அடைச்சிருக்கு, சிஸ்டர். ஊசி போட்டு வெளிய எடுக்கணும். செஞ்சிருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன் டாக்டர். செஞ்சதில்ல."

"பரவால்ல. நான் பார்த்துட்டே சொல்றேன். கேமராவக் கிட்ட கொண்டுவாங்க."

தகரக் கூரையில் முதல் துளிகள் படபடவென்று விழுந்தன. அக்காவின் திரையில் ஓர் எண் இருக்கும், தீவின் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதைக் காட்டுகிற எண். தெளிந்த வானத்தில் பதினேழு. உச்ச வேகம் தாங்க குறைந்தது பதினாலு வேண்டும். இப்போது பதினைந்தரை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினைந்தேகால் ஆயிற்று.

"பதினாலுக்குக் கீழ போச்சுன்னா மொத்தமா செத்துடும்" என்றாள். "ஆட்டோவுக்கு மாத்தினா தொண்ணூறு செகண்ட் லிங்க் இருக்காது. ரெண்டு மோடமும் விட்டுட்டு மறுபடி தேடிப் பிடிக்கணும். பிடிக்கலன்னா அங்க போய்ப் பொத்தான அமுக்க யாரும் இல்ல. அமுக்குறவர்தான அங்க படுத்திருக்கார்." அவர்களுடைய பத்து நிமிஷ ஒப்பந்தம் அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது.

அவள் என் மேஜைக்கு வந்து மைக்கை இழுத்தாள். மேனேஜரிடம் லீவு கேட்கவே ரெண்டு நாள் ஒத்திகை பார்க்கிறவள்.

"டாக்டர், நான் ஸ்டேஷன்லேருந்து பேசறேன். தொண்ணூறு செகண்ட் லிங்க்க நிறுத்தணும்."

"இப்பவா? விளையாடறீங்களா? அவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்மா!"

"இங்க மழ பிடிச்சிருச்சு, டாக்டர். இப்ப நான் நிறுத்தலன்னா இன்னும் கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும். ஊசிய உள்ள விடும்போது நின்னுடும். அப்புறம் வராது."

"நீங்க நிறுத்தினா திரும்ப வரும்னு உறுதியா சொல்றீங்களா?"

அவள் தன் திரையின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "இல்ல, டாக்டர். உறுதி சொல்ல முடியாது."

எனக்கு அவளை அறையவேண்டும் போலிருந்தது. வரும் என்று ஒரு பொய் சொல்லித் தொலைத்தால் என்ன? அப்போது அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் கேட்டது. கிழிந்த துணி மாதிரி, மூச்சுக்கு மூச்சு அறுந்து வந்தது.

"அவ... சொல்றத... செய்யுங்க."

டாக்டர் சட்டென்று மாறினார். "சரி. சிஸ்டர், அவரச் சாய்ச்சு உக்கார வைங்க. ஆக்ஸிஜன் ஓடட்டும். இடத்தச் சுத்தம் பண்ணி ஊசியத் தயாரா வச்சிருங்க. நான் வர்றவரைக்கும் குத்தாதீங்க. நிறுத்துங்கம்மா."

அவள் உடனே நிறுத்தவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எப்படிக் கேக்குது?" என்று கேட்டாள்.

"நல்லா... கேக்குது."

"நேரத்த எண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினாள். எண் பதினாலரை. நான் பின்னால் போய் நின்று கைக்கடிகாரத்தை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவள் அதை ஒருமுறை பார்த்தாள். தூரத்து மோடத்துக்குக் கட்டளையை அடித்து அனுப்பினாள். அனுப்பிய கையோடு பச்சை விளக்கு அணைந்தது. தீவு போய்விட்டது. ஸ்பீக்கர் ஊமையானது. நான் எண்ண ஆரம்பித்தேன்.

அடுத்தது பக்கத்து மோடம். அவள் விரல் பொத்தானுக்கு மேலே போய் நின்றுவிட்டது.

"என்னக்கா? அமுக்குங்க!"

"கட்டள போய்ச் சேர்ந்து, அது மாறிப்போனதால விளக்கு அணைஞ்சுதா? இல்ல, போய்ச் சேர்றதுக்குள்ள மழ அறுத்துடுச்சா?" என்றாள். "ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்டி. சேரலன்னா இத நான் அமுக்கக் கூடாது. அமுக்கினா முடிஞ்சுது."

பன்னிரண்டு, பதிமூன்று என்று என் வாய் எண்ணிக்கொண்டே இருந்தது. மனதுக்குள் நான் வேண்டாத தெய்வம் இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. பத்துப் பதினைந்து வருஷமாக மழை பெய்யும்போதெல்லாம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு, எவ்வளவு இறங்கியது, எவ்வளவு நேரத்தில் இறங்கியது என்று பயந்து பயந்து மனப்பாடம் செய்தவள் அவள்.

"மழ இப்படி டக்குனு அறுக்காது" என்றாள் கண்ணைத் திறந்து. "கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்கும். பதினாலரையில இருந்துச்சு. அவருக்குக் கேட்டிருக்கு." அமுக்கினாள்.

நாற்பது. ஐம்பது. மழை கூரையில் கொட்டித் தீர்த்தது. நான் எண்ணுவது எனக்கே கேட்கவில்லை, கத்தி எண்ணினேன். அக்கா மோடத்தின் முன்னால் தரையில் மண்டியிட்டு, அணைந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபது. எண்பது. தொண்ணூறு. விளக்கு எரியவில்லை. நூறு. நூற்றுப் பத்து. நான் எண்ணுவதை நிறுத்தினால் அவர் செத்துவிடுவார் என்று பைத்தியம் மாதிரி ஒரு நினைப்பு எனக்கு. நூற்றுப் பதினெட்டு என்றபோது பச்சை எரிந்தது.

"லைன்ல இருக்கீங்களா? சிஸ்டர்? யாராவது இருக்கீங்களா?" டாக்டரின் குரல்தான்.

"இருக்கேன் டாக்டர்! நினைவு தப்புது அவருக்கு!"

வேகம் கீழிருந்து ஆறாவது படியில் இருந்தது. படம் ஓடவில்லை, நாலு வினாடிக்கு ஒரு தடவை ஒரு நிழற்படம் மாதிரி வந்து நின்றது. டாக்டர் அதையே பார்த்து, "இன்னும் ரெண்டு விரல் மேல. இல்ல, கொஞ்சம் வெளிப்பக்கம். அங்கதான். எலும்போட மேல் ஓரத்த ஒட்டி" என்று சொல்லிக்கொண்டே போனார். எண் ஒன்பதுக்கு இறங்கியது. ஆறு. நாலு. படம் நின்றுபோனது. குரல் மட்டும் மிச்சம். மோடம் இன்னொரு படி இறங்கியது, அதற்கும் கீழே இன்னொரு படி. குரல் அறுபடவில்லை. பழைய ஃபிக்ஸில் இருந்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

"இப்ப குத்துங்க, சிஸ்டர்."

ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "காத்து வருது டாக்டர்! புஸ்ஸுனு வருது!" என்று நர்ஸ் அழுதாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "மூச்சு விடறார்" என்றாள்.

அக்கா தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை. அழுதது நான்தான். பாசம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் அவர் படகில் வந்து இறங்கினார், மெலிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்துகொண்டு. தீவு லிங்க் ஏன் ஃபிக்ஸிலேயே கிடந்தது என்று விசாரணை நடந்தது. நான் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வீட்டிலிருந்து முடிவு செய்துகொண்டு வருவேன். அலுவலக வாசலில் அந்த முடிவு ஓடிப்போய்விடும். வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி. அக்கா என் முகத்தைப் பார்க்கப்போகிற பார்வையை நினைத்து மீதி. அதற்குள் அவள் தன் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டாள்: ஆறில் ஒரு மோடத்துக்கு நாடா ஒட்ட மறந்தேன், தவறு என்னுடையது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். தீவு லிங்க்கை அவளிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். தேறியதும் அவர் தீவுக்குத் திரும்பிப் போனார். காலை ஒன்பது மணிக்கு அந்த வேறொருவர் அவரோடு சோதனை செய்வார். அக்கா எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

நாலு மாதம் ஓடியது. அவளோடு சேர்ந்துதான் தினமும் மத்தியானம் சாப்பிட்டேன். ஒரு வாய்கூட நிம்மதியாக இறங்கியதில்லை. அவளைக் கேலி செய்வதையும் விட்டிருந்தேன். ஒருநாள் டப்பாவைத் திறந்தவள், வழக்கம்போல ஜன்னலைப் பார்த்து, "இன்னிக்கு மேகம் இல்ல" என்றாள். அது ஏனோ எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, நாடாவ உரிச்சது நான்தான்" என்றேன். "நீங்க ஒட்டினீங்க. ஆறும் ஒட்டினீங்க. துடைக்கும்போது நான்தான் பிச்சுப் போட்டேன். அன்னிக்கே சொல்லல. உங்கமேல பழி வந்தப்பவும் சொல்லல."

அவள் கையில் எடுத்ததை டப்பாவிலேயே வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"நேரம் எண்ணச் சொன்னேன்ல. வாட்ச என் மூஞ்சிக்கு நேரா நீட்டினே. பட்டைல மஞ்சளா ஒரு துண்டு ஒட்டிக்கிட்டிருந்துச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. என் மேல் வரவேண்டிய கோபம், அவள் மேல் பாய்ந்தது. "தெரிஞ்சேவா பழிய ஏத்துக்கிட்டீங்க? தெரிஞ்சேவா நாலு மாசம் என்கூட உக்காந்து சாப்பிட்டீங்க? ஏன் ஒரு வார்த்த கேக்கல? என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சுடி."

"என்கிட்ட என்ன பயம்?"

"கேட்டா நீ என்கூடப் பேசறத நிறுத்திடுவியோன்னு" என்றாள். டப்பாவின் மூடியை எடுத்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"நாளைக்கும் சாப்பிட வருவேல்ல?"